சொன்ன அளவும் உள்ள அளவும்

ஒரு சொல்லின் நீளத்தைப் பிறர் கூற்றால் கொள்ளாது எண்ணியே அறிதல் வேண்டும். இவ்வெளிய நெறி தவறியதன் விளைவே 2014இல் உலகை அதிரவைத்த 'ஹார்ட்பிளீட்' எனும் பிழை.

இணையத் தொடர்பை மறையாக்கம் செய்து காக்கும் 'ஓபன்எஸ்எஸ்எல்' நிரலகத்தில் 'இதயத்துடிப்பு' என்றொரு வசதி இருந்தது. ஒரு கணினி ஒரு சொல்லையும் அதன் நீளத்தையும் அனுப்பும். மறுமுனைக் கணினி அச்சொல்லைத் திருப்பியனுப்பும். இணைப்பு அறுபடவில்லை என்பதற்கு அதுவே சான்று.

'மலர்' என்றனுப்பி, 'மூன்றெழுத்து' என்றால் 'மலர்' திரும்பும். 'மலர்' என்றே அனுப்பி, 'ஐந்நூறு எழுத்து' என்றால்? நிரலகம் எண்ணிப் பார்க்கவில்லை; மலரையடுத்து நினைவகத்தில் இருந்தவற்றையும் சேர்த்தே அனுப்பியது. ஒரு முறைக்கு ஏறத்தாழ 64 கிலோபைட் வரை இவ்வாறு கசியும். பிறருடைய கடவுச்சொற்களும், மறையாக்கத்தின் உயிரான இரகசியத் திறவுகோலும் அதில் அகப்படலாம். வழக்கமான பதிவேடுகளில் இதன் சுவடும் தங்காது.

2012 மார்ச்சில் வெளிவந்த 1.0.1 பதிப்பில் இருந்த இப்பிழை, 2014 ஏப்ரல் 7 அன்றே உலகறிய வெளிப்பட்டது. அன்று வந்த 1.0.1ஜி பதிப்பு, சொன்ன நீளம் உள்ள நீளத்தை மிஞ்சினால் அச்செய்தியைப் புறக்கணித்தது.

எனினும், ஓட்டையை அடைத்தால் களவுபோன திறவுகோல் மீளாது. ஆகவே, முதலில் நிரலகத்தைப் புதுப்பித்து, அடுத்துத் திறவுகோலையும் சான்றிதழையும் மாற்றிப் பழைய சான்றிதழை விலக்கி, அதன் பின்னரே பயனர் கடவுச்சொல்லை மாற்றுதல் முறை. வரிசை பிறழ்ந்தால் புதிய கடவுச்சொல்லும் பழைய வழியே கசியும்.