துளையட்டை முதல் கணினி வரை: கியோட்டோ தறிகள் கற்பிக்கும் பாடம்

கணினி நுழைந்தால் கைக்கலை அழியும் என்று அஞ்சுவோர், ஜப்பானின் கியோட்டோ நகரத்து நெசவு வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1869இல் தலைநகரம் டோக்கியோவுக்கு மாறியதும், அரசவையை நம்பி வாழ்ந்த நிஷிஜின் பகுதிப் பட்டு நெசவாளர்கள் தடுமாறிப் போனார்கள். கியோட்டோ நிர்வாகம் 1872இல் அங்கிருந்து கைவினைஞர் மூவரைப் பிரான்சின் லியோன் நகருக்கு அனுப்பி, ஜக்கார்டு தறியைக் கற்றுவரச் செய்தது. அவர்களில் யோஷிதா சூஷிச்சி, தாயகம் திரும்பும் வழியில் 1874இல் கப்பல் மூழ்கி இறந்தார். மற்ற இருவரும் கருவியோடு முன்பே ஊர் சேர்ந்திருந்தனர். 1877இல் அராகி கோஹெய் என்பவர் அந்தத் தறியை மரத்திலேயே செய்து காட்டினார். அயல்நாட்டு இயந்திரம் உள்ளூர்க் கைகளின் உடைமையானது அப்போதுதான்.

ஜக்கார்டு தறியை இயக்கும் அட்டையில் துளை இருந்தால் பாவு நூல் உயரும், இல்லையென்றால் உயராது. கணினியும் இப்படி இரண்டே நிலைகளில்தான் இயங்குகிறது. அதனால், பின்னாளில் அட்டைகளுக்குப் பதிலாக பிளாப்பி வட்டுகள் வந்தபோது நிஷிஜின் நெசவாளர்களுக்கு அவை அந்நியமாகப் படவில்லை. பூவையும் கொடியையும் கட்டம் கட்டமாகத் தாளில் பிரித்து வரைந்த கலைஞர்களின் அறிவு திரையிலும் தேவைப்பட்டது.

இயந்திரம் வேலையைப் பறிக்கவில்லையா? பறித்தது. பழைய தறியின் மேலே அமர்ந்து நூல் இழுத்துக் கொடுத்தவருக்கு ஜக்கார்டு தறியில் இடமில்லை. ஆனால், நிஷிஜினின் பிற்காலச் சரிவுக்குப் பெருங்காரணம் மக்கள் கிமோனோ உடுத்துவதைக் குறைத்துக்கொண்டதே. வாங்குவோர் இல்லாத துணியை வெறும் கைத்திறன் காப்பாற்றாது. 1688இல் தோன்றிய ஹோசோ நிறுவனம், ஏறக்குறைய 32 சென்டிமீட்டராக இருந்த துணி அகலத்தை 150 சென்டிமீட்டராக்கும் தறியை உருவாக்கி, அதே நெசவைச் சுவர்களுக்கும் இருக்கைகளுக்கும் கொண்டுசென்றது. நகத்தை ரம்பப் பல்போல் தீட்டி ஊடையை நெருக்கும் ட்சுசுரே நெசவும் அந்நகரில் இன்னும் கையால்தான் நடக்கிறது. புதியது வந்ததால் பழையது முழுவதும் போய்விடவில்லை.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. காகித அட்டையைக் கண்ணால் படிக்கலாம்; பிளாப்பி வட்டோ உற்பத்தியே நின்றுபோன பொருள். அதில் உள்ள வடிவங்களைப் படிக்கக் கருவி கிடைக்காத நாள் வரலாம். ஆகவே வடிவக் கோப்புகளைக் காலந்தோறும் புதுச் சேமிப்பு முறைக்கு மாற்றிக் காப்பதும் நெசவின் ஒரு பகுதியாக வேண்டும்.

ஜக்கார்டு காஞ்சிபுரத்துத் தறிகளிலும் உண்டு. அங்கே கணினியைக் கொண்டுசெல்வோர், வடிவக் கோப்பையும் அதைத் திருத்தும் திறனையும் நெசவாளரிடமே ஒப்படைக்க வேண்டும். கருவி கலைஞரின் கையில் இருக்கும்வரை தொழில்நுட்பம் மரபுக்குப் பகையல்ல.