பிறந்த மாதமும் உதைபந்தாட்டமும்

கண்டி போகம்பறை மைதானத்திலே ஒரே வயதுப் பிரிவைச் சேர்ந்த இரு சிறுவர் எதிரெதிர் நிற்கின்றனர் எனக் கொள்க. ஒருவன் ஜனவரியிற் பிறந்தவன். மற்றையவன் அதே ஆண்டு டிசெம்பரிற் பிறந்தவன். பத்து வயதுச் சிறுவனுக்குப் பதினொரு மாதம் என்பது ஏறக்குறைய வாழ்நாளிற் பத்திலொரு பங்கு. உயரமும் உரமும் மிக்க மூத்தவனே திறமையாளனெனத் தெரிவாகின்றான். தெரிவானவனே மேலும் பயிற்சி பெறுகின்றான்.

இவ்வுண்மையைக் கனடாவின் பனித்தரை ஹொக்கி வீரரிடத்தே பார்ன்ஸ்லி என்பாரும் அவர்தம் துணைவரும் 1985இல் எடுத்துக்காட்டினர். 1997இல் பெல்ஜியத்தின் இளையோர் உதைபந்தாட்டத்தில் எல்லை நாள் ஓகஸ்ட் 1இலிருந்து ஜனவரி 1இற்கு மாற்றப்பட்டது. ஓகஸ்டிற் பிறந்தோரிடமிருந்த முதன்மை ஜனவரியிற் பிறந்தோரைச் சேர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவிலே 2017 அளவிற் பிறந்த ஆண்டே அளவுகோலாயிற்று. வகுப்புத் தோழர் வெவ்வேறு அணிகளாகப் பிரிந்தனர். ஆதலின் 2026-27 பருவந்தொட்டு ஓகஸ்ட் 1 எல்லைக்கு மீள்வதென அங்குள்ள பெரிய இளையோர் அமைப்புகள் முடிவுசெய்தன.

இலங்கையில் முதலாந்தரத்திற் சேர்வதற்கு ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருத்தல் வேண்டும். ஆகவே, பிறந்த ஆண்டுவழிப் பிரிவு ஈண்டு வகுப்புத் தோழரைப் பெரும்பாலும் பிரிப்பதில்லை. ஆயினும் டிசெம்பரிற் பிறந்த பிள்ளை வகுப்பிலும் இளையோருள் ஒருவன். மைதானத்திலும் இளையோருள் ஒருவன். இருமடங்கு சுமை அவனுடையது.

எல்லைக்கோட்டை எங்கே இடினும் அதன் ஓரத்தில் ஒரு சிறுவன் நிற்பான். கோட்டை நகர்த்துதல் குறையை நீக்குவதன்று; அதனைச் சுமப்பவனை மாற்றுவதேயாம். தெரிவுப் பட்டியலிற் பெயரின் அருகே பிறந்த நாளையும் எழுதுதலும், இவ்வாண்டு விடுபட்ட சிறியவனை மறு ஆண்டும் அழைத்துப் பார்த்தலும் ஆசிரியர் கைக்கு எட்டியனவே. வளர்ச்சி பிந்தியதைத் திறமையின்மையெனக் கருதாமையே நீதி.