வெற்றிக் கிண்ணமும் வழிச்செலவும்



புத்தளம் மாவட்டத்தின் கரையோரப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி பெரும்பாலும் முதலாந் தவணையிலே நிகழ்வது. கற்பிட்டி முதல் உடப்பு வரையுள்ள ஊர்களில் அக்காலத்திற் கடல் அமைதியாயிருக்கும். வலையில் மீன் விழும். கையிலே பணம் புழங்கும். ஆதலின், நன்கொடை கேட்டுச் செல்லும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தார் வெறுங்கையுடன் திரும்புவது அரிது.

ஆனால், செலவு அத்துடன் முடிவதன்று. பாடசாலையில் வென்ற பிள்ளை வலயம், மாகாணம், அகில இலங்கை எனப் படிப்படியாகச் செல்ல வேண்டும். வடமேல் மாகாணம் புத்தளம், குருநாகல் எனும் இரு மாவட்டங்களைக் கொண்டது. ஆதலின் நெடும்பயணம் நேர்வதுண்டு. அப்பயணம் மே மாதத்தின் பின் வருமாயின், தென்மேற் பருவக்காற்றினாற் கடல் கொந்தளித்திருக்கும், வருவாய் சுருங்கியிருக்கும். பணம் வரும் பருவம் ஒன்று. அது வேண்டப்படும் பருவம் வேறொன்று.

நம் நாட்டில் 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வியும், 1980இல் இலவசப் பாடநூலும், 1993இல் இலவசச் சீருடையும் வந்தன. எனினும், ஓட்டச் சப்பாத்தும் வாகனக் கூலியும் பெரும்பாலும் பெற்றோரையும் சங்கத்தையுமே சார்ந்துள்ளன.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஒரு சங்கத்திற்கு 1,00,000 ரூபாய் சேர்ந்ததெனக் கொள்வோம். பந்தல், ஒலிபெருக்கி, கிண்ணம், சிற்றுண்டி ஆகியவற்றுக்கு 80,000 ரூபாய் செலவாயிற்று, மீதி 20,000. வெளியூர்ப் பயணம் ஒன்றுக்கு 30,000 ரூபாய் வேண்டுமெனின், வென்ற பிள்ளை வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். மாறாக, இரு பயணங்களுக்குரிய 60,000 ரூபாயை முதலிலே வங்கியில் ஒதுக்கிவிட்டால், எஞ்சிய 40,000 ரூபாயில் விழா சற்றே எளிமையாக நடைபெறும். பிள்ளையின் வாய்ப்போ கெடாது.

இம்முறை கரையோர மக்களுக்குப் புதிதன்று. கரைவலைத் தொழிலில் மீன் விற்ற பணத்திலிருந்து செலவை முதலிற் கழித்து, எஞ்சியதையே பங்கிடுவர். சங்கத்தின் பணமும் அவ்வாறே கையாளப்படல் வேண்டும். கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் பற்றுச்சீட்டு வழங்குக. வரவு செலவை விழா முடிந்ததும் பொதுக்கூட்டத்தில் வாசித்துக் காட்டுக. ஒதுக்கிய பணத்தை வேறெதற்கும் எடாதிருக்குக. கணக்கு வெளிப்படையாயின், அடுத்த ஆண்டும் மக்கள் மனமுவந்து கொடுப்பர்.

மாசியில் ஊரார் கைதட்டிப் பாராட்டிய பிள்ளை, வழிச்செலவு இன்மையால் ஆடியில் வீட்டிலே தங்கிவிடலாகாது. அதனைக் காப்பதே சங்கக் கணக்கின் முதற் பயனாகும்.