ஆம்பூர்த் தோலும் அமெரிக்க மந்தமும்

2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க ராஜாங்கம் இந்தியச் சரக்குகளின் மீது 50 சதவீதம் வரையில் வரி விதித்தபோது, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் தொழிலை நம்பி வாழ்வோரிடையே உண்டான கலக்கத்தை நேயர்கள் அறிவார்கள். கடலுக்கு அப்பால் எழுந்த புயல் பாலாற்றங்கரையில் வந்து வீசுவது இது முதல் தடவையன்று. 1929-ம் வருஷம் அக்டோபரில் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்ததைத் தொடர்ந்து உலகெங்கும் பரவிய பெருமந்தத்தின் காலத்தில் நம் சர்க்கார் என்ன செய்தது என்பதை ஆராய்வது இச்சமயத்தில் பயன் தருமென்று கருதுகிறோம்.

அக்காலத்து வட ஆர்க்காடு ஜில்லாவின் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழியில் ஊறி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதமான தோல், சென்னைப் பெரியமேட்டு மண்டிகளின் வழியாக லண்டனுக்குச் சென்றது. அங்கே பெர்மாண்ட்ஸிச் சந்தைதான் அதற்கு விலை கூறும் இடம். பதனிடாத ஆட்டுத்தோலுக்கோ அமெரிக்காவே பிரதான கிராக்கி. அமெரிக்கக் குடியானவனும் ஆலைத் தொழிலாளியும் புது பூட்ஸ் வாங்குவதை ஒத்திப்போட்டால், பேரணாம்பட்டில் ஒருவன் வீட்டு அடுப்பு அணையும் என்பது அன்றைய வியாபாரத்தின் அமைப்பு. போதாக்குறைக்கு, 1930 ஜூனில் அமெரிக்கக் காங்கிரஸ் சுங்க வரிகளை உயர்த்திற்று. அதுவரை வரியின்றிச் சென்ற மாட்டுத்தோலின் மீதும் 10 சதவீதம் விழுந்தது.

அமெரிக்காவிலும் ஹூவர் முதலில் வரவு செலவைச் சரிக்கட்டுவதிலேயே கண்ணாயிருந்தார். 1932-ல் வரிகளை ஏற்றவும் செய்தார். 1933 மார்ச்சில் பதவிக்கு வந்த ரூஸ்வெல்ட்தான், வேலையற்றவனுக்கு வேலை தருவது ராஜாங்கத்தின் கடமை என்பதை ஒப்புக்கொண்டு, சாலையும் அணையும் காடும் அமைக்க லட்சக்கணக்கானோரை ஏவினார்.

டில்லி சர்க்காரின் போக்கு வேறு. 1931 செப்டம்பரில் நிதி மெம்பர் ஸர் ஜார்ஜ் ஷூஸ்டர் உப்பு வரி உள்படப் பல வரிகளின் மீது 25 சதவீதம் மேல்வரி கேட்டார். சட்டசபை மறுத்தது. வைஸ்ராய் தமது விசேஷ அதிகாரத்தைக் கொண்டு மசோதாவைச் சட்டமாக்கினார். விலைகள் பாதியாய் வீழ்ந்துகொண்டிருந்த வேளையில் ஏழையின் உப்பு மட்டும் விலை ஏறிற்று!

நாணய மாற்று விகிதத்தின் கதையோ இன்னும் கொடுமை. 1927-ல் ஒரு ரூபாய்க்கு 18 பென்ஸ் என்று நிர்ணயித்ததை, 16 பென்ஸே போதுமென்று நம் வர்த்தகர்கள் எவ்வளவோ மன்றாடியும் சர்க்கார் விடவில்லை. பெர்மாண்ட்ஸியில் 100 பவுனுக்குத் தோல் விற்றவர் 16 பென்ஸ் விகிதத்தில் 1,500 ரூபாய் பெற்றிருப்பார். 18 பென்ஸில் அவர் கைக்கு வந்தது 1,333 ரூபாய். 1931-ல் பிரிட்டன் தங்க நாணயத்தைக் கைவிட்டபோது ரூபாயையும் பவுனோடேயே கட்டிவைத்தார்கள். ஆகவே பவுன் இறங்கியும் லண்டனில் விற்றவருக்கு ஒரு தம்பிடி அதிகமில்லை. வீட்டுப் பெண்களின் தாலிக்கொடியும் வளையலும் அடகுக்கடை ஏறிக் கப்பலில் சென்றதைத்தான் சர்க்கார் தேசத்தின் செழிப்பென்று பேசிற்று.

பச்சைத் தோலின் ஏற்றுமதி வரி 1919-ல் 15 சதவீதமாய்ப் பிறந்து, 1923-ல் 5 சதவீதமாகச் சுருங்கி, 1934, 1935 வருஷங்களில் மறைந்தது. கிராமத்தில் தோல் விற்பவனுக்கு இது லாபமென்று வாதிப்போரும் உண்டு. அதில் சிறிது நியாயமும் உண்டு. ஆனால் பச்சைத் தோல் தடையின்றி வெளியேறினால், அதைப் பதனிடும் கூலியும் அதனுடன் கப்பலேறிவிடுகிறது.

அந்நிய ஆட்சியைக் குறை கூறுவது எளிது. ஜனங்கள் தேர்ந்தெடுத்த ராஜாஜி மந்திரிசபை 1938-ல் இயற்றிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1932 அக்டோபர் 1-ந் தேதிக்கு முற்பட்ட கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நிலுவையிலிருந்த வட்டி முழுவதையும் அது ரத்து செய்தது. துணிந்த சட்டம், எத்தனையோ குடும்பங்களைக் காத்த சட்டம். ஆனால் சட்டம் படித்தவர்கள் முதலில் புரட்டுவது வியாக்கியான ஷரத்தை. விவசாயி என்றால் விற்கத்தக்க பாத்தியதையுடன் நிலம் உள்ளவன் என்று அது கூறுகிறது. சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்த ஆதிதிராவிடக் கூலிக்கும் அருந்ததியக் கூலிக்கும் நிலம் ஏது? கடன் இருந்தது, நிவாரணம் இல்லை. நம்மவர் செய்த சட்டமென்பதற்காக இதை மறைப்பது நேர்மையாகாது.

2025 நவம்பரில் மத்திய சர்க்கார் ஏற்றுமதியாளர்களின் கடனுக்கு 20,000 கோடி ரூபாய் வரை உத்தரவாதம் அறிவித்ததை வரவேற்கிறோம். ஆயினும் அது பாங்கிக் கடனைப் பற்றியது, கூலியைப் பற்றியதன்று. சரக்குக் கிராக்கியின்றி வேலை நிறுத்திவைக்கப்படும் நாட்களுக்குப் பாதிச் சம்பளம் என்ற விதி 1953-ல் சட்டத்தில் ஏறியது; அதுவும் மஸ்டர் ரோலில் பெயருள்ளவர்க்கே. ஆம்பூரில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஜோடிக் கணக்கில் கூலிக்குப் பூட்ஸின் மேல்தோலைத் தைக்கும் பெண்ணின் பெயர் எந்த ரோலில் இருக்கிறது? உத்தரவாதம் பெறும் கம்பெனிகள் இப்பெண்களின் பெயர்களையும் பதிவு செய்யவேண்டுமென்று நிபந்தனை விதிக்கச் சர்க்காருக்கு என்ன தடை என்று கேட்கிறோம்.