கரையும் கடத்தலும் – 11: காட்டிலிருந்து வந்த பட்டியல்

பழவேற்காட்டில் ஆளைப் பிடித்து வைப்பது அதிசயமான சங்கதி இல்லை. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்துக்குள் கிடக்கிறது. தண்ணீரில் எல்லைக்கல் நட முடியாது. ஏரியானாலும் வெளிக்கடலானாலும், வலை அறுந்து தகராறு முற்றினால் படகையும் ஆளையும் கரைக்கு இழுத்துப் போய்விடுவார்கள். பிறகு ஊர்ப் பஞ்சாயத்தார் பேசுவார்கள், மீன்வளத்துறை அதிகாரிகள் வருவார்கள், அறுந்த வலைக்கு ஒரு விலை முடிவாகும், ஆள் வீடு திரும்புவான். கோட்டைக்குப்பத்தில் வலையைச் சீர்பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் இதன் சட்டத்தை இரண்டே வரியில் சொன்னார்: “புடிச்சிக்கினு வந்த ஆளுக்குச் சோறு போடாம இருக்க முடியுமா தம்பி? நாளைக்கு நம்ம புள்ள அங்க மாட்டிக்கினா?”

கடத்தல்காரனுக்கு இந்த ‘நாளைக்கு’ கிடையாது. அவன் பிள்ளை எந்தக் கரையிலும் மாட்டப்போவதில்லை. அவன் பேரம் பேசுவதும் பஞ்சாயத்தோடு அல்ல, அரசாங்கத்தோடு.

இந்த ஆட்டத்தை உலகுக்கே ஆடிக் காட்டியவன் கொலம்பியாவின் பாப்லோ எஸ்கோபார். கொக்கைன் வியாபாரிகளை அமெரிக்காவிடம் ஒப்படைக்கும் சட்டம்தான் அவனுக்கு எமன். 1990 ஆகஸ்ட் இறுதியில் முன்னாள் அதிபர் துர்பாயின் மகளும் பத்திரிகையாளருமான டயானா துர்பாயைக் கடத்தினான். அடுத்த மாதம் ‘எல் தியம்போ’ நாளிதழின் ஆசிரியர் பிரான்சிஸ்கோ சாந்தோஸ். பிடித்தவர்களில் பலர் ஆளும் வர்க்கத்து வீட்டுப் பிள்ளைகள்; அதிபர் கவீரியா நாள்தோறும் முகம் பார்த்துப் பேச வேண்டிய குடும்பங்கள். 1991 ஜனவரியில் மீட்பு நடவடிக்கையின்போது டயானா குண்டு பாய்ந்து இறந்தார். அந்த ஜூன் 19 அன்று அரசியல் நிர்ணய சபை, குடிமக்களை வெளிநாட்டிடம் ஒப்படைப்பதற்குத் தடை விதித்தது. அதே நாள் எஸ்கோபார் சரணடைந்து, தனக்கென்றே தயாரான சிறைக்குள் நடந்து போனான். தேசத்தின் மானம் என்று பேசினாலும் அவன் கேட்டது தன் கழுத்தை மட்டும்தான்.

நம் பக்கத்து வீரப்பனின் சரக்கு சந்தனமும் யானைத் தந்தமும். போதைப்பொருள் இல்லையே என்று கேட்கலாம். முறை அதேதான். ஒரு விஷயத்தில் எஸ்கோபாரையும் மிஞ்சியவன் என்பேன்.

2000 ஜூலை 30 இரவு, தாளவாடி அருகே தொட்டகாஜனூர் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரையும் உடனிருந்த மூவரையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போனான். முதலமைச்சரிடம் கொடுக்கச் சொல்லி ராஜ்குமாரின் மனைவி பர்வதம்மாவிடம் ஒரு கேசட்டைத் தந்துவிட்டுத்தான் போனான். மறுநாளே கர்நாடக முதலமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா சென்னைக்குப் பறந்து வந்து தமிழக முதலமைச்சர் கருணாநிதியைச் சந்தித்தார். பெங்களூரில் கடைகள் மூடின. அங்கிருந்த தமிழர்கள் வீட்டுக்குள் முடங்கினார்கள். ராஜ்குமாருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவர்கள் கதி என்ன? கடத்தப்பட்டவர்கள் நான்கு பேர். பிணையில் நின்றவர்கள் லட்சக்கணக்கில். வீரப்பனுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு வந்தது பட்டியல். ‘நக்கீரன்’ இதழாசிரியர் கோபால் தூது போய் வாங்கி வந்த கோரிக்கைகளை இன்று படித்தாலும் திகைப்பாக இருக்கிறது. காவிரி நீர். 1991 காவிரிக் கலவரத்தில் பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு நிவாரணம். பெங்களூரில் துணி சுற்றி நின்ற திருவள்ளுவர் சிலைக்குத் திறப்பு. நீலகிரியில் பச்சைத் தேயிலைக்குக் கிலோ 15 ரூபாய். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு நாள் கூலி 150 ரூபாய். தன்னைத் தேடிய அதிரடிப்படையிடம் சிக்கிச் சீரழிந்தவர்களுக்கு இழப்பீடு. மைசூர்ச் சிறையில் தடா சட்டத்தில் அடைபட்டிருந்தவர்களுக்கு விடுதலை. தமிழகச் சிறைகளில் இருந்த தமிழ்த் தீவிரவாதிகள் ஐவருக்கு விடுதலை.

மாஞ்சோலைக்காரர்கள் கூலி கேட்டு ஊர்வலம் போனதற்கு, ஓராண்டுக்கு முன்புதான் தாமிரபரணியில் 17 உயிர்களைக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கூலிக் கோரிக்கை யானைத் தந்தம் விற்றவனின் கேசட்டில் ஏறிய பிறகு, அதை நியாயம் என்று மேடையில் சொல்ல எந்தத் தலைவருக்கு வாய் வரும்? நடிகரோடு சேர்த்து மக்களின் வழக்கையும் அவன் கடத்திப் போனான். பழவேற்காட்டுப் பக்கம் இப்படி ஒருவன் கிளம்பினால் அவன் பட்டியலை நானே எழுதித் தந்துவிடுவேன்: முகத்துவாரத்தைத் தூர் வாரு, காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிக்காதே. இரண்டும் மீனவர்கள் மனுப் போட்டு மனுப் போட்டு அலுத்தவை. அவன் கேட்ட மறுநாள், மனுப் போட்டவர்கள் வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும்.

மைசூரில் நடந்ததும் அதுதான். நூற்றுக்கும் மேற்பட்டோர் 1993 முதல் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தார்கள். காட்டோரத்து ஏழைகளே அதிகம். ராஜ்குமாருக்காகக் கர்நாடக அரசு அவர்கள் மீதான தடா குற்றச்சாட்டுகளைக் கைவிட முன்வந்தது. 1992-ல் வீரப்பன் கும்பல் கொன்ற உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவின் தந்தை உச்ச நீதிமன்றம் போனார். மிரட்டலுக்குப் பணிந்து வழக்கைக் கைவிட முடியாது என்று நவம்பர் 7 அன்று நீதிமன்றம் தடுத்துவிட்டது. மகனைப் பறிகொடுத்த தகப்பன் வேறென்ன கேட்பார்? சட்டப்படியும் அந்தத் தீர்ப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எட்டு நாளில், நவம்பர் 15 அன்று, 108 நாள் காட்டுவாசம் முடிந்து ராஜ்குமார் விடுதலையானார். கைதிகள் உள்ளேயே இருந்தார்கள். பணம் கைமாறியது என்று ஊரே பேசியது; கர்நாடகக் காவல்துறைத் தலைவராக இருந்த தினகர் பின்னாளில் அதைப் புத்தகமாகவே எழுதினார்.

2002-ல் கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பாவைக் கடத்தியபோது பேரம் படியவில்லை. டிசம்பரில் காட்டில் அவர் உடல்தான் கிடைத்தது. 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான்.

பட்டியலில் இருந்த சில, அவன் மிரட்டல் இல்லாமலேயே நடந்தன. தடா நீதிமன்றம் 2001 செப்டம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. அதற்குள் சிறையில் எட்டு வருடம் போயிருந்தது. அதிரடிப்படையால் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையம் 2.80 கோடி ரூபாய் வழங்கச் சொன்னது. திருவள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்ட் 9 அன்று எடியூரப்பா பக்கத்தில் நிற்கக் கருணாநிதி திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தது. இரண்டு முதலமைச்சர்கள் உட்கார்ந்து பேசி முடித்த காரியம் அது.