சார்ஜரைப் படித்துவிட்டு லேப்டாப் வாங்குங்கள்

கேரள நுழைவுத் தேர்வின் தரவரிசை வெளியாகி, எந்தக் கல்லூரி என்று முடிவாகும் நாட்களில் திருவனந்தபுரத்தின் வலியசாலைத் தெருக்களில் பிள்ளையைப் பெற்றவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "பையன் கேமிங் லேப்டாப்தான் வேணும்கிறான். கேட்டா படிப்புக்குங்கிறான். நெஜமாவே படிப்புக்கு அது வேணுமா?" பெற்றவர்களின் சந்தேகம் நியாயமானது. பையன் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டால், பல ஆயிரம் ரூபாயைச் சரியான இடத்தில் செலவிடலாம்.

கடைக்குப் போனதும் லேப்டாப்பின் மூடியையும் விளக்குகளையும் விட்டுவிட்டு, அதன் சார்ஜரைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 'அவுட்புட்' என்ற வரி இருக்கும். அதில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 65 வாட். அது பொதுப் பயன்பாட்டு லேப்டாப். 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றிருந்தால் 230 வாட். அது கேமிங் லேப்டாப். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த ஒரு பெருக்கலில் அடங்கிவிடுகிறது. சிவப்பு, பச்சை விளக்கு எரியும் கீபோர்டு வெறும் அலங்காரம்.

இவ்வளவு மின்சாரம் எதற்கு? சாதாரண லேப்டாப் திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 புள்ளிகள். மொத்தம் சுமார் 20.7 லட்சம். விளையாட்டு ஓடும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைக் கணக்கிட வேண்டும். வெளிச்சம் எந்தக் கோணத்தில் விழுகிறது, நிழல் எங்கே, சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எல்லாம் சேர்த்து. நொடிக்கு 60 முறை படம் மாறினால் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள். கேமிங் லேப்டாப்களில் இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 144 ஹெர்ட்ஸ் திரையை முழுதாகப் பயன்படுத்தினால் நொடிக்கு ஏறக்குறைய 30 கோடி.

செயலி எனப்படும் சி.பி.யூ.வால் இதைச் செய்து மாளாது. அதில் எட்டோ பத்தோ பன்னிரண்டோ கோர்கள்தான் இருக்கும். ஒவ்வொன்றும் எந்தச் சிக்கலான வேலையையும் செய்யக்கூடியது, ஆனால் எண்ணிக்கை குறைவு. கிராபிக்ஸ் கார்டின் வழி வேறு. ஆர்.டி.எக்ஸ். 4060 லேப்டாப் கார்டில் 3,072 சிறிய கணக்கீட்டு அலகுகள் இருக்கின்றன. ஆற்றுகால் பொங்காலை அன்று நம் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோயிலின் பண்டார அடுப்பில் தீ மூட்டியதும் அந்தத் தீ வரிசை வரிசையாகப் பரவுகிறது. லட்சக்கணக்கான அடுப்புகளில் ஒரே வேலை, ஒரே நேரத்தில். ஒரு பானை பொங்குவதற்காக அடுத்த பானை காத்திருப்பதில்லை. 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு செய்தது இப்படி நடந்த ஒரு பகல் நேரச் சமையலைத்தான். செயலி தீயை எடுத்துக் கொடுக்கிறது. கிராபிக்ஸ் கார்டு ஆயிரக்கணக்கான அடுப்புகளை ஒன்றாக எரிக்கிறது.

பையன் சொல்வதில் உள்ள உண்மை இங்கேதான் இருக்கிறது. 1999-இல் என்விடியா நிறுவனம் ஜீஃபோர்ஸ் 256 என்ற சில்லை வெளியிட்டபோது அது விளையாடுகிறவர்களுக்கான பொருள். ஒரே கணக்கை ஆயிரம் இடத்தில் சேர்ந்தாற்போல் போடும் இந்தத் திறமை அறிவியலுக்கும் உதவும் என்பதைச் சில ஆண்டுகளில் ஆய்வாளர்கள் கண்டுகொண்டார்கள். 2012-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹின்டன் மூவரும் படங்களை அடையாளம் காணும் ஒரு நியூரல் நெட்வொர்க்கை உருவாக்கினார்கள். அலெக்ஸ்நெட் என்று பெயர் பெற்ற அதைப் பயிற்றுவித்தது இரண்டு ஜி.டி.எக்ஸ். 580 கார்டுகளில். கடையில் விளையாட்டுக்காக விற்ற கார்டுகள் அவை. இமேஜ்நெட் போட்டியில் அது மற்ற எல்லாவற்றையும் வெகுவாகப் பின்தள்ளியது; இன்றைய செயற்கை நுண்ணறிவு அலை அங்கிருந்து கிளம்பியது. ஹின்டன் 2024-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விளையாட்டுப் பொருள் என்று கிராபிக்ஸ் கார்டை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அடுப்பு எரிந்தால் சூடு வரும். லேப்டாப் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள பெட்டிக்குள் 150, 200 வாட் வெப்பம். அதை வெளியே தள்ளும் ஏற்பாடு அழகானது. சில்லின் மேல் தட்டையான செம்புக் குழாய்கள் படிந்திருக்கும். உள்ளே காற்றை நீக்கிவிட்டுக் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு கீழேயே ஆவியாகிறது. ஆவி குழாயின் மறுமுனைக்கு ஓடி, அங்குள்ள மெல்லிய தகடுகளில் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் தண்ணீராகி, குழாயின் உட்சுவர் வழியாகத் திரிபோல ஊறித் திரும்புகிறது. தகடுகளின் மேல் ஃபேன் காற்றை வீசுகிறது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-இல் செய்துகாட்டிய 'ஹீட் பைப்' தான் இது. விண்கலங்களில் பயன்பட்ட கருவி இப்போது மேசைக்கு வந்திருக்கிறது. கேமிங் லேப்டாப்புக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு பங்கு இந்தச் செம்புக்கும் ஃபேனுக்கும்தான் போகிறது.

இந்த ஏற்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடைசியில் அறைக் காற்றைத்தான் நம்பியிருக்கிறது. 22 டிகிரி அறையில் வேலை செய்யும் எந்திரத்தை 32 டிகிரி அறைக்குக் கொண்டுவந்தால் உள்ளே இருக்கும் வெப்பநிலையும் கிட்டத்தட்ட அந்தப் பத்து டிகிரி ஏறும். சில்லின் வெப்பநிலை 95, 100 டிகிரியை நெருங்கினால் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள அக்கிரகார வீடுகளில், பக்கத்துச் சுவர்கள் ஒட்டியிருக்கும் அறையில், பங்குனி மதியத்தில் இது கற்பனை இல்லை. கட்டிலில் மெத்தை மேல் வைத்து விளையாடினால் அடியிலுள்ள காற்றுத் துளைகளும் அடைபடும். கேமிங் லேப்டாப் வாங்குகிறவர் அதற்கு மேசையும் காற்றோட்டமான இடமும் ஒதுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஃபேனில் சேரும் தூசியை எடுக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மாதத் துலாவர்ஷ மழையின் இடிமின்னல் நம் ஊருக்குத் தெரிந்ததுதான். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. எந்த லேப்டாப்பாக இருந்தாலும் அப்போது சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். பொதுப் பயன்பாட்டு லேப்டாப் அப்போதும் பேட்டரியில் ஐந்தாறு மணி நேரம் ஓடும். கேமிங் லேப்டாப்பில் விளையாடினால் ஒரு மணி நேரம் தாண்டுவதே கடினம். பேட்டரியைப் பெரிதாக்கவும் வழியில்லை: விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோக 100 வாட்-மணி பேட்டரிதான் எல்லை. அதனால் எந்த நிறுவனமும் அந்த அளவைத் தாண்டுவதில்லை. பேட்டரியில் ஓடும்போது 230 வாட் தர முடியாது என்பதால் கார்டும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும்.

எடையையும் சொல்ல வேண்டும். பொதுப் பயன்பாட்டு லேப்டாப் ஒன்றரை கிலோ அளவில் இருக்கும். சார்ஜர் கைக்கு அடங்கும். கேமிங் லேப்டாப் சார்ஜரோடு மூன்று கிலோவை ஒட்டி வரும். கிழக்கேகோட்டையிலிருந்து ஸ்ரீகாரியம் போகும் பஸ்ஸில் காலையில் நின்றுகொண்டு போகும் பிள்ளையின் முதுகில் நான்கு ஆண்டு அந்தச் சுமை ஏறும்.

இனி, விளம்பரத்தில் சொல்லாத ஒன்று. இரண்டு லேப்டாப்களில் ஒரே ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு இருக்கலாம். இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்பதில்லை. அந்தக் கார்டை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் ஓடும்படி லேப்டாப் நிறுவனம் அமைத்துக்கொள்ளலாம். மெல்லிய லேப்டாப்பில் குறைந்த வாட்டில் அடக்கி வைத்த கார்டும், தடித்த லேப்டாப்பில் முழு வாட்டில் ஓடும் கார்டும் பெட்டியின் மேல் ஒரே பெயரில் வருகின்றன. மேசைக் கணினிக் கார்டின் பெயரையே லேப்டாப் கார்டுக்கும் வைப்பது இன்னொரு குழப்பம். மேசைக் கணினியின் ஆர்.டி.எக்ஸ். 4070-இல் 5,888 அலகுகள், 12 ஜி.பி. நினைவகம். லேப்டாப்பின் 4070-இல் 4,608 அலகுகள், 8 ஜி.பி. மட்டுமே. பெயரை நம்பி வாங்குகிறவரை இது ஏமாற்றுகிறது என்றுதான் நான் சொல்வேன். 'டி.ஜி.பி. (கார்டுக்கு ஒதுக்கிய மின் அளவு) எவ்வளவு வாட்?' என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். செயலியிலும் இப்படித்தான்: இன்டெல் 13-ஆம் தலைமுறையில் பெயரின் முடிவில் 'யு' இருந்தால் அடிப்படை அளவு 15 வாட், 'எச்' இருந்தால் 45 வாட்.

யாருக்குக் கேமிங் லேப்டாப் உண்மையிலேயே வேண்டும்? கட்டடக்கலை படிப்பவர்களுக்கு வேண்டும். ரெவிட்டில் வரைந்து, லூமியனில் வெளிச்சமும் மரமும் சேர்த்துப் படமாக்கும் வேலை கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் நகராது. அனிமேஷன் பக்கம் போகிறவர்களுக்கும் வேண்டும். டெக்னோபார்க்கில் 1999 முதல் இயங்கும் டூன்ஸ் போன்ற நிறுவனத்தைக் கனவு காணும் பிள்ளை பிளெண்டரில் இரவு முழுக்க ரெண்டர் விட வேண்டியிருக்கும். வீடியோ எடிட்டிங்கைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கும் பயன்படும்.

கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவருக்கு? சி, ஜாவா, பைத்தான், டேட்டாபேஸ் எல்லாம் பொதுப் பயன்பாட்டு லேப்டாப்பில் தாராளமாக ஓடும். மெஷின் லேர்னிங் பாடம் வரும்போது கார்டு தேவைப்படும் என்பது சரி. ஆனால் இணையம் வழியே கார்டைப் பயன்படுத்தவிடும் கூகுள் கோலாப் 2017 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அதில் இலவசமாகக் கிடைக்கும் டி4 கார்டில் 16 ஜி.பி. நினைவகம் இருக்கிறது, 4060 லேப்டாப்பில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. நேரக் கட்டுப்பாடு உண்டு, கேட்ட நேரத்தில் எல்லாம் கார்டு கிடைக்காது. கல்லூரிப் பாடத்துக்கு அது போதும். பி.காம்., பி.ஏ., நர்சிங், சட்டம் படிப்பவர்களுக்குக் கேமிங் லேப்டாப் எந்த வகையிலும் தேவையில்லை.

விளையாடும் ஆசைக்காக வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. விளையாட்டு நல்ல பொழுதுபோக்கு. அதைப் படிப்பின் பெயரில் வாங்க வேண்டாம், வீட்டில் வெளிப்படையாகப் பேசி வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். அதோடு, இன்றைய செயலிகளுக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் முன்பு போல் சோப்ளாங்கி இல்லை. வேலரண்ட், மைன்கிராஃப்ட் போன்றவை பொதுப் பயன்பாட்டு லேப்டாப்பிலேயே ஓடும்.

பொதுப் பயன்பாட்டு லேப்டாப்பை வாங்கும்போது மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தை அதிலேயே போடலாம். ரேம் 16 ஜி.பி. இருக்கட்டும். அது போர்டோடு பற்றவைத்ததா, பின்னால் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். தனிக் கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸும் இந்த ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. அதனால் 16 ஜி.பி. ஒரே குச்சியாக இருப்பதைவிட எட்டெட்டாக இரண்டு குச்சிகள் இருந்தால் படம் வேகமாக ஓடும். எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி. திரையின் பிரகாசம் குறைந்தது 300 நிட்ஸ். மலிவு லேப்டாப்களில் நிறுவனங்கள் சிக்கனம் பிடிப்பது பெரும்பாலும் திரையில்தான். கடையிலேயே வாசல் வெளிச்சத்தில் வைத்து ஒரு புகைப்படத்தைத் திறந்து பாருங்கள். கீபோர்டில் நாலு வரி அடித்தும் பாருங்கள்.

பொதுப் பயன்பாடு என்றால் மட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேரளத்தின் பள்ளிகளில் மாநில அரசின் கைட் நிறுவனம் 45,000 ஹைடெக் வகுப்பறைகளை அமைத்தபோது அங்கே வைத்தவை இப்படிப்பட்ட லேப்டாப்கள்தான். அவற்றில் ஓடுவது கைட் தானே தொகுத்த குனூ லினக்ஸ். பிள்ளைகள் பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வை அதில்தான் எழுதுகிறார்கள். 1973-இல் தொடங்கிய மாநில அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரான், யு.எஸ்.டி. நிறுவனத்தோடு சேர்ந்து கோகோனிக்ஸ் என்ற பெயரில் நம் ஊர் மண்விளையில் லேப்டாப் செய்ய முன்வந்தபோதும் எடுத்துக்கொண்டது இந்த வகையைத்தான். வீட்டுக்கும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் வேண்டியது அதுதான் என்று அவர்களும் கணித்திருக்கிறார்கள்.

பெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்மிஷன் கிடைத்த வாரத்திலேயே லேப்டாப் வாங்க ஓடாதீர்கள். வகுப்பு தொடங்கட்டும். எந்தெந்த சாஃப்ட்வேர் வேண்டும் என்று பிள்ளை துறை ஆசிரியரிடமும், அதே பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் சீனியரிடமும் கேட்டு ஒரு தாளில் எழுதி வரட்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.