பரிசோதனையும் வேண்டும், பிராணாயாமமும் வேண்டும்

இரண்டு மூன்று முறை கரு கலைந்த பெண்ணுக்கு எத்தனை பரிசோதனைகள் எடுப்பார்கள் என்பது அந்த வழியில் போன குடும்பங்களுக்குத் தெரியும். கருப்பை ஸ்கேன், தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறையும் தன்மை என்று பட்டியல் நீளும். கணவர் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நாற்காலியில் காத்திருப்பார். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் உடற்கூறியல் துறையில் ரீமா தாதாவும் அவர் குழுவினரும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருவது அந்தக் கணவரைத்தான்.

விந்தணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் டிஎன்ஏ இழை முறிந்திருக்கலாம். முட்டையைத் துளைத்து உள்ளே போகும் வலிமை அந்த அணுவுக்கு இருக்கும், கருவும் தங்கும், சில வாரங்களில் கலைந்துவிடும். விந்தணு தலையும் வாலுமாக ஒடுங்கி உருவாகும்போது தன் செல் திரவத்தின் பெரும்பகுதியைக் கழற்றிவிடுகிறது. பழுது பார்க்கும் நொதிகளும் அதோடு போய்விடுகின்றன. அதனால் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று மருத்துவர்கள் சொல்லும் ரசாயனத் தாக்குதலை அது கிட்டத்தட்ட நிராயுதபாணியாகச் சந்திக்கிறது. சிகரெட், குட்கா, குடி, தொந்தி, கட்டுக்குள் வராத சர்க்கரை, ஓயாத மன அழுத்தம் எல்லாமே அந்தத் தாக்குதலைக் கூட்டுபவை.

எய்ம்ஸ் குழுவினர், மனைவிக்குத் தொடர்ந்து கரு கலைந்த ஆண்களை ஆசனம், பிராணாயாமம், தியானம் அடங்கிய வாழ்க்கைமுறைப் பயிற்சியில் ஆறு மாதம் ஈடுபடுத்தினார்கள். விந்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் டிஎன்ஏ சேதமும் குறைந்தன. 2020இல் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், பயிற்சிக்குப் பிறகு விந்தணு டிஎன்ஏவின் மெத்தில் குறிகள் சுமார் 400 மரபணுக்களில் மாறியிருந்ததாகப் பதிவு செய்தார்கள். எந்த மரபணு விழித்திருக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் இந்தக் குறிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

மனதைத் தொடும் முடிவுகள்தான். ஆனாலும் இவை குறைந்த எண்ணிக்கையிலான ஆண்களிடம் செய்யப்பட்டவை. அளந்தது விந்தணுவின் தரத்தை. யோகம் செய்தவர்கள் வீட்டில் குழந்தைகள் அதிகம் பிறந்தன என்று சொல்லப் பெரிய ஆய்வுகள் தேவை. யோகத்தால் கைமேல் பலன் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

படுக்கையறைச் சிக்கலுக்கு வருவோம். ஆணுறுப்பு விரைப்பது உடல் ஓய்வாக இருக்கும்போது இயங்கும் நரம்பு மண்டலத்தின் வேலை. அந்த நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடை விடுவிக்க, ரத்தக் குழாய்கள் தளர்ந்து ரத்தம் நிறைகிறது. பயமும் பதற்றமும் எதிர்த் தரப்பை எழுப்பிவிடும். அட்ரினலின் பாய்ந்ததும் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். ஒருநாள் முடியாமல் போனவர் மறுநாள் முடியுமா என்ற கவலையோடு போகிறார். அந்தக் கவலையே முடியாமல் ஆக்குகிறது. மூச்சை நீட்டி மெதுவாக வெளிவிடும் நாடிசுத்தியும், உடலைத் தளர்த்தும் சவாசனமும் இந்தச் சங்கிலியில்தான் கை வைக்கின்றன.

2007இல் டெல்லி மருத்துவர்கள், விந்து முந்தும் சிக்கலுடன் வந்த 68 பேரைப் பற்றி எழுதினார்கள். யோகத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் 38 பேர். ஃப்ளூஆக்சிடின் மாத்திரை எடுத்தவர்கள் 30 பேர். யோகம் செய்த அத்தனை பேருக்கும் ஓரளவாவது நேரம் நீண்டது. மாத்திரை எடுத்தவர்களில் 25 பேருக்கு நீண்டது. ஆனால் யோகத்தை விரும்பி வந்தவருக்கு நம்பிக்கையும் கூடவே வந்திருக்கும். குலுக்கல் முறையில் பிரித்திருந்தால் இந்த முடிவுக்கு இன்னும் கனம் இருந்திருக்கும்.

இதைவிட உறுதியான சான்று மூலபந்தத்தின் பக்கம் இருக்கிறது. அது யோக ஆய்வு இல்லை என்றாலும். ஆசனவாய்க்கும் விரைப்பைக்கும் நடுவே இருக்கும் தசைகளை உள்ளிழுத்து இறுக்கித் தளர்த்துவது மூலபந்தம். அஸ்வினி முத்திரையிலும் கிட்டத்தட்ட அதே தசைகள்தான். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 55 ஆண்களுக்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி கொடுத்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் 40 சதவீதம் பேருக்கு இயல்பான விரைப்பு திரும்பியது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கினருக்கு முன்னேற்றம் தெரிந்தது. ரத்தம் திரும்பி வடியாமல் பிடித்துவைப்பதில் அந்தத் தசைகளுக்குப் பங்கு உண்டு.

பழைய யோக நூல்கள் இதையெல்லாம் பிள்ளைப்பேற்றுக்காகச் சொல்லவில்லை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பரியங்க யோகம் என்று ஒரு பகுதியே உண்டு. விந்தைக் காப்பதுதான் அங்கே சாதனை. துறவு நெறியில் அதற்கு ஓர் இடம் இருக்கலாம். அந்த எண்ணம் வீட்டுக்குள் வந்து அச்சமாக மாறியதுதான் கொடுமை. தூக்கத்தில் விந்து போனால் உடல் உருகிவிடும் என்று நடுங்கும் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். மனநல மருத்துவர் என்.என். விக் 1960லேயே இந்த அச்சத்தை ஒரு நோய்க்குறியாகப் பதிவு செய்தார். விந்தணு ஓயாமல் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும் பொருள். குழந்தைக்கு முயல்பவர் வாரக்கணக்கில் அடக்கிவைத்தால், தேங்கிய அணுக்களில் டிஎன்ஏ சேதம் கூடத்தான் செய்யும்.

நாற்பதைத் தாண்டியவருக்கு விரைப்புக் குறைகிறது என்றால் அதை வெட்கப்படும் விஷயமாகப் பார்க்காமல், இதயத்தின் எச்சரிக்கையாகப் பாருங்கள். ஆணுறுப்பின் ரத்தக் குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்துக்குப் போகும் குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்பும் சர்க்கரையும் குழாய்களைக் கெடுக்கும்போது மெல்லியது முதலில் திணறும். மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே இந்த அறிகுறி வருவதுண்டு. அந்த நேரத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்காமல், லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்திருக்கும் ‘பரம்பரை வைத்தியரிடம்’ லேகியம் வாங்குகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. இப்படிப்பட்ட மருந்து விளம்பரங்களை 1954ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. சுவரொட்டிகள் மட்டும் ஓயவில்லை.

புற்றுநோய் வந்த ஆண்களிடமும் யோகத்தைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 50 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வாரம் இருமுறை யோக வகுப்பு நடத்தினார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, யோகப் பிரிவினருக்குக் களைப்பு குறைவு. பாலுறவுத் திறன் மதிப்பெண்ணும் பெரிதாகச் சரியவில்லை, மற்றவர்களுக்குச் சரிந்தது.

யோகத்துக்கு எட்டாதவையும் உண்டு. விந்துக் குழாய் அடைப்பை எந்த ஆசனமும் திறக்காது. விரைப்பையில் சிரை ரத்தக் குழாய்கள் சுருண்டு புடைக்கும் வெரிகோசீல், குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் மூவரில் ஒருவருக்கு மேல் இருக்கிறது; அதற்கு அறுவை சிகிச்சை தேவையா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்பவருக்கு விந்தணு உற்பத்தியே நின்றுவிடலாம். ஊசியை நிறுத்தாமல் பிராணாயாமம் செய்து பயனில்லை. விரைகள் உடலைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டியவை என்பதால், 40 டிகிரிக்குச் சூடாக்கிய அறையில் நடத்தும் யோக வகுப்புகள் குழந்தைக்குக் காத்திருப்பவருக்கு வேண்டாம். ரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ இருப்பவர்கள் சிரசாசனத்தைத் தொடாதீர்கள்.

தொடங்க நினைப்பவர் முதலில் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு, ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி அணுக்களைக் கீழ் எல்லையாக வைக்கிறது. அதற்குக் கீழே இருந்தாலும் அப்பாவாகும் ஆண்கள் உண்டு. ஒரு தாளைப் பார்த்து இடிந்துபோக வேண்டாம். ஒரு விந்தணு உருவாகவே சுமார் 74 நாட்கள் ஆகும், வெளியேறும் பாதையில் மேலும் சில நாட்கள். ஆகவே இன்று பாய் விரித்தவரின் பலனை அளக்க மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை எடுக்க வேண்டும். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் அந்த மூன்று மாதத்தையும் நீங்களாகத் தள்ளிப்போடாமல், மகப்பேறு மருத்துவரிடம் இருவருமாகப் போய்க் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.